தேன் சேராத லேகியம்

ஐயா, நீங்கள் கொடுத்திருக்கும் தாளில் கோடு இல்லை. கோடில்லாத தாளில் எழுதினால் என் வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிவிடும். முப்பத்து மூன்று வருடம் கரும்பலகையில் எழுதிய கைக்கு வந்த பழக்கம் அது. அதைப் பதற்றம் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிட வேண்டாம். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டேன், செய்தித்தாள் படித்தேன், நீங்கள் சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்பாகவே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதித் தரச் சொன்னீர்கள். சுருக்கமாக என்றும் சொன்னீர்கள். ஒரு பேச்சாளனிடம் அப்படிச் சொல்வது அநியாயம்தான், இருந்தாலும் முயல்கிறேன்.

என் பெயர் சுமதிகுமார். திண்டிவனத்தில் தமிழாசிரியராக இருந்து போன வருடம், அதாவது எண்பத்தைந்தில், ஓய்வு பெற்றேன். ஆனால் சுற்றுவட்டாரத்தில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் வாத்தியாராகத் தெரிந்தவனில்லை, பட்டிமன்றத்தில் தெரிந்தவன். ஒலக்கூர்த் திருவிழாவில் ‘பெண்ணுக்கு அழகு பேச்சா, மௌனமா’ என்று வைத்தார்கள். மௌனமே என்று நான் முக்கால் மணி நேரம் பேசினேன். பெண்கள் பக்கத்திலிருந்துதான் அதிகக் கைதட்டல் வந்தது. என் மனைவி குசுமாவும் வந்திருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “நல்லா இருந்துதுங்க” என்றாள். முப்பத்தொரு வருடமாக என் பேச்சுகளுக்கு அவள் சொல்லும் விமரிசனம் அதுதான். அது எனக்குப் போதுமானதாகவே இருந்தது.

நாங்கள் சமணர்கள். நயினார் வீடு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவோம். எறும்பை மிதிக்காமல் நடக்கக் குழந்தையிலேயே பழகியவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

குசுமாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் மார்பில் கட்டி வந்தது. சென்னையில் எடுத்தார்கள். போன கார்த்திகையில் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது என்று சொல்லி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கொடுத்த மாத்திரையை வாந்தி எடுத்தாள். புரண்டு படுக்க ஆள் வேண்டியிருந்தது. படுக்கைப் புண்ணுக்குக் கட்டு மாற்றத் தினமும் காலையில் லூர்துமேரி என்ற நர்ஸ் வருவாள். அவள்தான், “பிரம்மதேசத்துல பெரியதம்பி வைத்தியர்னு ஒருத்தர் இருக்காரு சார். எங்க பெரியப்பாவுக்குக் கடசி காலத்துல அவர் மருந்துலதான் தூக்கம் வந்துச்சி” என்றாள்.

பெரியதம்பியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் விவசாயி மாதிரிதான் இருப்பார். உண்மையிலேயே மல்லாட்டையும் போடுகிறார். மாசி மாதம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய லேகியத்தோடு வந்தார்.

“இன்னா இருக்குதுன்னு மறைக்க மாட்டேன் வாத்தியாரய்யா. சுத்தம் பண்ண கஞ்சா இருக்குது. நவம்பர்ல தடைச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி வெச்சிருந்த சரக்கு. மருந்துக்கு மட்டும்னா வுடுங்கன்னு நாங்க வைத்தியருங்கள்லாம் சேர்ந்து சர்க்காருக்கு மனு போட்டுக்கினு இருக்கோம். அம்மாவுக்காகத்தான் இத்த எடுத்தேன். உங்க வூட்டுக்குன்னு தேன் சேக்காம, பனவெல்லத்துலயே கிண்டிக்கினு வந்தேன்.”

நயினார் வீடுகளுக்குத் தேன் ஆகாது என்று அவர் தெரிந்துவைத்திருந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஒரு தேன்கூட்டைப் பிழிந்தால் எத்தனை உயிர் நசுங்கும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

மருந்து வேலை செய்தது. அதை நான் மறுக்கவில்லை. தினமும் பொழுது சாய்வதற்கு முன், ஐந்து நாற்பதுக்கு, நெல்லிக்காய் அளவு கொடுப்பேன். பத்து நாளில் கேப்பைக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். தானே ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு நாள் தலை வாரிப் பூ வைத்துவிடச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு பட்டிமன்றம் வந்தது.

வைத்தியர்களின் மனுவைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதினார்கள் இல்லையா? விழுப்புரத்தில் ஒரு தமிழ் மன்றத்துக்காரர்கள் சுடச்சுட அதையே தலைப்பாக்கிவிட்டார்கள்: ‘மருந்துக்குக் கஞ்சாவை அனுமதிக்கலாமா, கூடாதா?’ அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரியே சென்னையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்காரப்போகிறார் என்றும் சொன்னார்கள். அதாவது நீங்கள். எனக்குக் ‘கூடாது’ அணியின் தலைமை கிடைத்தது. எந்த அணி வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கொடுத்ததில் பேசுவேன். ‘அனுமதிக்கலாம்’ என்று கொடுத்திருந்தால் அதையும் பேசியிருப்பேன். உண்மையைச் சொன்னால் அதற்குத்தான் வாதங்கள் அதிகம். ஆங்கில வைத்தியத்தில் அபினிலிருந்து மருந்து எடுக்கவில்லையா, இருமல் மருந்தில் சாராயம் இல்லையா என்று ஆரம்பித்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும். ‘கூடாது’ என்பதற்கு, மருந்துக்கென்று ஒரு வாசலைத் திறந்தால் நாளைக்குத் தலைவலி இல்லாத வாலிபனே நாட்டில் இருக்க மாட்டான் என்ற ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். அதனால் உணர்ச்சியில் இறங்குவது என்று முடிவு செய்தேன். ‘வலி மனிதனைச் செதுக்கும் ஆசான். அந்த ஆசானுக்குப் போதையைக் கொடுத்துத் தூங்க வைப்பதா?’ என்று ஒரு வரி அமைந்தது. எழுதி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

எங்கள் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி குசுமா படுத்திருந்த அறையில்தான் இருக்கிறது. முப்பத்தொரு வருடமாக அதன் முன் நின்றுதான் ஒத்திகை பார்க்கிறேன். அன்று காலை லூர்துமேரி கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் அந்த வரியைச் சொன்னேன். குசுமா சிரித்தாள்.

சாதாரணச் சிரிப்பு இல்லை, ஐயா. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “ஏங்க, அந்த ஆசானை நம்ம வூட்டுக்கு டியூசனுக்கு வெச்சது யாருங்க?” என்றாள். லூர்துமேரி பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் முதுகு குலுங்கியது.

கஞ்சா தின்றால் காரணமில்லாமல் சிரிப்பு வரும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அதனால் நான் கோபப்படவில்லை. ‘பார்த்தீர்களா, இதுதான் போதை’ என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த நாளும் அந்த இடத்தில் சிரித்தாள். அதற்கடுத்த நாள் நான் வாயைத் திறக்கும் முன்பே, “வாத்தியார் வந்துட்டாரா?” என்று கேட்டாள்.

அந்த வாரத்தில்தான் பெரியதம்பி வந்தார், அனுமதி கேட்டு. “எங்க பக்கம் பேசறவங்க ஒரு அத்தாட்சி கேக்கறாங்க வாத்தியாரய்யா. பேர் சொல்ல மாட்டோம். படுத்த படுக்கையா இருந்த ஒரு அம்மா இப்ப கஞ்சி குடிக்கறாங்க, சிரிக்கறாங்கன்னு மட்டும் சொல்லிக்கறோம்” என்றார்.

சிரிக்கிறார்கள் என்பதும் அதில் இருந்தது. நான், “தாராளமாகச் சொல்லுங்கள்” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எதிரணியின் ஒரே சாட்சி என் வீட்டுக் கட்டிலில், என் தலையணையில் படுத்திருக்கிறாள் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். சாட்சி நன்றாக இருக்கும்வரை என் அணி ஜெயிக்க முடியாது. யார் யோசித்தாலும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

மறுநாள் விழுப்புரம் போய் ஒரு நாட்டு மருந்துக் கடையில் தீபாவளி லேகியம் அரைக் கிலோ வாங்கினேன். நிறமும் பதமும் ஒத்துப்போயின. “இதில் கஞ்சா இல்லையே?” என்று இரண்டு தடவை கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, “இஞ்சி, மிளகு, திப்பிலி சார். கொழந்தைங்க துன்றது” என்றார். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பெரியதம்பியின் லேகியத்தை வேறு பாட்டிலுக்கு மாற்றி என் அலமாரியில் அகராதிகளுக்குப் பின்னால் வைத்தேன். கொட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். கொட்டினால் எறும்பு மொய்க்கும். மொய்த்த எறும்பு மயங்கிச் சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவித் துடைத்து, கடை லேகியத்தை அதில் நிரப்பினேன்.

அன்று ஐந்து நாற்பதுக்கு வழக்கம்போல நெல்லிக்காய் அளவு கொடுத்தேன். நாக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். “இன்னிக்கு வேற மாதிரி ஒரு இனிப்பா இருக்குதுங்க. நல்லாத்தான் இருக்குது” என்றாள். புது வெல்லமாக இருக்கும் என்றேன். “நீங்க குடுத்தா சரியாத்தான் இருக்கும்” என்று விழுங்கினாள். எனக்கும் சந்தேகம் வந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதன் பிறகு தினமும் அவளுக்குக் கொடுக்கும்போது நானும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். சேர்ந்து சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் புரள முடியவில்லை. ஐந்தாம் நாள் கஞ்சியை நிறுத்தினாள். ஏழாம் நாளிலிருந்து துண்டின் முனையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் போட்டால் அக்கம்பக்கம் கேட்கும் என்று கூச்சம். நான் குறிப்பேட்டில் எழுதி வந்தேன்: 5.40 லேகியம். 7.10 முனகல். 9.00 துண்டு. இப்படித் தேதிவாரியாக எழுதிய அத்தாட்சி எந்தப் பேச்சாளனிடமும் இருக்காது. என்னைக் கொடியவன் என்று நினைக்கக் கூடாது, ஐயா. எழுதிய நேரம் போக விசிறினேன், கால் பிடித்துவிட்டேன், நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

லூர்துமேரி என்னை வாசலில் பிடித்து, “இப்ப மருந்து வேலை செய்யவே இல்லியே சார். வைத்தியருக்கு ஜல்தியா ஆள் வுடுங்க சார், அம்மா படற பாடு பாக்க முடியல” என்றாள். சொல்லி அனுப்பிவிட்டேன் என்றேன். நாலு நாள் கழித்து மறுபடி கேட்டாள். வைத்தியர் அளவைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் என்றேன். அளவைக் கூட்டவும் செய்தேன். பொய் சொன்னால் அதற்குத் தக்கபடி நடந்துகொள்ள வேண்டும் என்பது என் கொள்கை.

இருபதாம் நாள் பட்டிமன்றம். குசுமாவை லூர்துமேரியிடம் ஒப்படைத்துவிட்டு, பாட்டிலை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கல்யாண மண்டபம் நிரம்பி வெளியே சைக்கிள் நிறுத்த இடமில்லை. நீங்கள் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் இருந்தீர்கள். இரண்டு தடவை கொட்டாவி விட்டீர்கள், நான் பேச எழுந்த பிறகு விடவில்லை. எதிரணியினர் ‘ஓர் அம்மா கஞ்சி குடிக்கிறார், சிரிக்கிறார்’ என்று சொல்லி முடித்திருந்தார்கள். நான் எழுந்து, “அந்த அம்மா என் மனைவி” என்றேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். குறிப்பேட்டைப் பிரித்துப் பத்தொன்பது நாளையும் வாசித்தேன். பாதிக்கு மேல் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் ஆசான் வரியைச் சொன்னேன். அப்படி ஒரு கைதட்டலை நான் அதுவரை வாங்கியதில்லை. நீங்களும் தட்டினீர்கள்.

நடுவர் தீர்ப்புச் சொல்ல ஒலிபெருக்கியைப் பிடித்தபோது ஆறாவது வரிசையில் பெரியதம்பி எழுந்தார். எனக்கு வியப்பாக இருந்தது. அந்தப் பாட்டில் தன்னுடையது என்று அவர் சொன்னாலே போதும், சட்டப்படி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். அதுவும் உங்கள் எதிரில். ஆகவே அவர் பேச மாட்டார் என்பது என் கணிப்பு.

அவர் மேடையேறி வந்து, “அம்மாவுக்கு லேகியம் குடுத்த வைத்தியன் நான்தாங்க” என்று உங்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு பாட்டிலைத் திறந்து, சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொரு தடவையும் தொட்டு வைத்துப் பார்த்தார்.

“இதுல தேன் இருக்குது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

“இந்தக் கையால முப்பது வருசமா லேகியம் கிண்டறேன். நயினாருங்க வூட்டுக்குப் போற பாட்டில்ல ஒரு சொட்டுத் தேன் வுட்டது கெடையாது. இது என் மருந்தே இல்ல. இது கடைச் சரக்கு.” அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது. “வாத்தியாரய்யா, அப்ப அந்த அம்மா எத்தினி நாளா இத்தத் தின்னுக்கினு இருக்காங்க?”

பட்டிமன்றத்தில் குறுக்குக் கேள்வி கேட்க விதியில்லை. நான் நடுவரைப் பார்த்தேன். நடுவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது நாளையும் சற்றுமுன் நானே வாசித்துவிட்டதால் எண்ணை மாற்றிச் சொல்லவும் வழியில்லை. பத்தொன்பது என்றேன். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பெரியதம்பி மேடையிலிருந்து இறங்கி, செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார்.

எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்த யாருக்கும் தேனின் ருசி தெரியாது, ஐயா. ஊரில் எந்த வீட்டுக் குழந்தையும் கண்டுபிடித்திருக்கும். ஐம்பத்தெட்டு வயதில் நான் தினமும் ஒரு விரல் எடுத்து நக்கி, நன்றாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, அது என்னவென்று தெரியவில்லை. இந்தப் பிழை வேறு எவனுக்கும் நேர்ந்திருக்காது என்பதை நினைத்தால் சிரிப்பாகவும் வருகிறது.

மறுநாள் நீங்கள் வீட்டுக்கு வந்தபோது அகராதிகளுக்குப் பின்னாலிருந்த பாட்டிலை நானே எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் அதற்கு முத்திரை வைத்து எடுத்துப்போகாமல், குசுமாவின் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்த்தீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது ஓர் அரசு அதிகாரி செய்யக்கூடிய காரியம் இல்லை அது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன், வேண்டுமானால் இந்த வரிகளை நீங்களே அடித்துவிடலாம்.

குசுமாவை அவள் தம்பி யசோதரன் விழுப்புரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். இப்போது கஞ்சி குடிக்கிறாளாம். தேன் விஷயத்தில் என் தவற்றை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். பிறந்ததிலிருந்து காத்த விரதம் அவளுக்கு என் கையால் கெட்டது. அதற்குப் பிராயச்சித்தமாக மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தேன். அதை லூர்துமேரியிடம் சொல்லி அனுப்பினேன். குசுமா சொன்ன பதிலை லூர்துமேரி அப்படியே ஒப்பித்தாள்: “தேனுக்கு நான் பாத்துக்கறேன். பத்தொம்போது சாயங்காலத்துக்கு அவர் இன்னா பண்ணப்போறாருன்னு கேளு.” தேனைப் பற்றிச் சொன்னதற்கு வேறு எதைப் பற்றியோ பதில். பட்டிமன்றத்தில் இதற்கு மணி அடித்துவிடுவார்கள்.

நீங்கள் நேற்று கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை. மருந்து பலிக்கவில்லை என்று மேடையில் காட்ட ஐந்தாறு நாள் குறிப்புப் போதுமே, பிறகாவது பாட்டிலை மாற்றி வைத்திருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்து நாள் குறிப்பு எடுத்துவிட்டுப் பதினோராம் நாள் பழைய லேகியத்தைக் கொடுப்பதென்று முடிவு செய்து, அகராதிகளை நகர்த்தியும் வைத்தேன்.

அன்று மத்தியானம் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், வாயில் துண்டு. ஆசான் வரி வந்தது. முதலில் இருமுகிறாள் என்று நினைத்தேன். துண்டை எடுத்துவிட்டு, சிரிக்கும்போது முதுகெலும்பு குத்த, குத்தக் குத்தச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஏங்க, உங்க ஆசான் பத்து நாளா லீவே போடாம வர்றாருங்க.”

நான் தர்க்கம் படித்தவன். பத்து நாளாக அவள் உடம்பில் கஞ்சா இல்லை. ஆகவே அந்தச் சிரிப்பு கஞ்சாவின் சிரிப்பு இல்லை. அப்படியானால் முன்பு சிரித்ததும் கஞ்சாவால் இல்லை. முப்பத்தொரு வருடமாக ‘நல்லா இருந்துதுங்க’ என்று சொல்லும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு உள்ளேயே இருந்திருக்கிறது. பஸ்ஸில், ஒலக்கூரிலிருந்து வரும்போதுகூட. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அகராதிகளை மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினேன். ஐந்து நாற்பதுக்குக் கடை லேகியத்தையே கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டேன்.

மீதி ஒன்பது நாளும் பட்டிமன்றத்துக்காக இல்லை. அதை உங்கள் அறிக்கையில் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அந்த ஒன்பது நாளும் தினம் நாலு தடவை அவள் பக்கத்தில் நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. பேச்சு நன்றாகத் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.